கல்லறையைத் தோண்டாமல் ஒரு தந்தைமைச் சோதனை

1826இல் இறந்த அமெரிக்காவின் மூன்றாம் அதிபர் தாமஸ் ஜெஃபர்சனுக்கு 1998இல் தந்தைமைச் சோதனை நடத்தியது எப்படி, கல்லறையைத் தோண்டினார்களா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். தோண்டவில்லை. அப்போது உயிரோடிருந்த சில ஆண்களின் ரத்தமே போதுமானதாக இருந்தது.

எல்லா மனிதரும் சமமாகவே படைக்கப்பட்டனர் என்று 1776இல் எழுதிய ஜெஃபர்சன், வாழ்நாளில் 600க்கும் மேற்பட்டோரை அடிமைகளாக வைத்திருந்தார். அவர்களுள் ஒருவர் சாலி ஹெமிங்ஸ். ஜெஃபர்சனே தம் தந்தை என்று சாலியின் மகன் மேடிசன் 1873இல் ஓஹையோ பத்திரிகை ஒன்றில் சொன்னார். வரலாற்றாசிரியர்கள் பலர் அதை ஏற்காமல், ஜெஃபர்சனுடைய அக்காள் தங்கை வழி மருமகன்களான கார் சகோதரர்களைக் கைகாட்டினர்.

சோதனைக்குக் கைகொடுத்தது, ஆண்களிடம் மட்டும் உள்ள ஒய் குரோமோசோம். மரபுச் செய்தியைத் தாங்கும் மற்ற குரோமோசோம்கள் தலைமுறைதோறும் தம் சோடியோடு துண்டுகளை மாற்றிக்கொள்ளும். ஒய்க்கு ஒத்த சோடி இல்லை. நுனிகள் நீங்கலாக, அப்பனிடமிருந்து மகனுக்கு ஏறக்குறைய அப்படியே இறங்கும். அதில் சில இடங்களில் மூன்று நான்கு டி.என்.ஏ. எழுத்துகள் கொண்ட துண்டு திரும்பத் திரும்ப வரும். ஒருவருக்கு 12 முறை என்றால் இன்னொருவருக்கு 15 முறை இருக்கலாம். இப்படிப் பல இடங்களில் எண்ணினால், அந்த எண்வரிசையே பரம்பரையின் முத்திரை!

மனைவி வழியில் ஜெஃபர்சனுக்கு ஆண் வாரிசு மிஞ்சவில்லை. எனவே அவருடைய பெரியப்பா, சித்தப்பா வழியைத் தேடி, ஃபீல்ட் ஜெஃபர்சனின் ஆண்வழியில் வந்த 5 பேரைப் பிடித்தார்கள். ஒய்யில் 19 இடங்களைப் பார்த்தார்கள். நால்வருக்கு எல்லாம் ஒத்தன. ஐந்தாமவருக்கு ஓரிடத்தில் மட்டும் ஓர் எண் வேறுபட்டது. நகலெடுப்பில் நேரும் சிறு பிசகு அது. கார் வழியினரின் வரிசையோ முற்றிலும் வேறு. சாலியின் கடைசி மகன் எஸ்டனின் வழித்தோன்றலுக்கு ஜெஃபர்சன் வரிசை அச்சாகப் பொருந்தியது.

ஆனால் தம்பி ராண்டால்ஃபுக்கும் அவர் மகன்களுக்கும் இதே ஒய்தான். அவர்களிலிருந்து ஜெஃபர்சனைப் பிரித்துக்காட்ட ரத்தத்தால் முடியாது. அப்படியிருக்க இந்த ஆய்வை வெளியிட்ட ‘நேச்சர்’ அறிவியல் இதழின் தலைப்பு ஜெஃபர்சனே தந்தை என்று முடித்துவிட்டது தவறு. அந்த இடைவெளியை நிரப்பியவை ஏடுகள். சாலி கருவுற்ற காலங்களில் ஜெஃபர்சன் தம் பண்ணை வீடான மாண்டிசெல்லோவில் இருந்ததை அவை காட்டுகின்றன.

தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை என்றது வர்ஜீனியாவின் 1662ஆம் ஆண்டுச் சட்டம். தந்தை யாரென்று கேட்க அதற்குத் தேவையே இல்லை. அடிமையாகப் பிறந்த மகனின் வாக்குமூலத்துக்கு 125 ஆண்டுகள் கழித்து ஆய்வகம் சாட்சி சொன்ன பிறகே பலர் செவிசாய்த்ததை என்னால் ஏற்க முடியவில்லை. மேடிசனின் மகன் ஒருவரின் கல்லறையைத் தோண்டிச் சோதிக்கலாமா என்றபோது, அந்த வழியினர் சம்மதிக்கவில்லை.