மலை ஏறும் முன் இறங்கும் வழியைப் பாருங்கள்

பள்ளிக்கூட லீவு விட்டாச்சு என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. திங்கட்கிழமை காலையில் பட்டறை ஷட்டரைத் தூக்கும்போதே வாசலில் ரெக்கவரி வண்டி நிற்கும். மேலே ஒரு கார். கிட்டே போனால் கருகின வாடை. பக்கத்தில் ராத்தூக்கம் இல்லாத முகத்தோடு ஒருத்தர், "பிரேக் திடீர்னு போயிருச்சுண்ணே, போன மாசம்தான் சர்வீஸ் விட்டேன்" என்பார்.

திடீரென்றா? மலை உச்சியிலிருந்து அடிவாரம் வரைக்கும் ஒரு மணி நேரம் அது கதறிக்கொண்டே வந்திருக்கும். கேட்க ஆள் இல்லை.

போன வாரம் வந்தது ஏழு பேர் உட்காரும் வண்டி. உள்ளே எட்டுப் பேர், மேலே கேரியரில் மூட்டை. கொடைக்கானலிலிருந்து பெருமாள்மலை வந்ததும் போன் மேப் அடுக்கம் வழியைக் காட்டியிருக்கிறது. பெரியகுளத்துக்குக் கிலோமீட்டர் கம்மி, வியூவும் நல்லாயிருக்கும் என்று திருப்பிவிட்டார். சக்கரத்தைக் கழற்றினால் முன் டிஸ்க் இரண்டும் நீலம் பாய்ந்து கிடக்கிறது. டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற பேடு வழவழவென்று பளபளக்கிறது, நகத்தால் கீறினால் கோடு விழவில்லை. பிரேக் ஆயில் பழைய டிகாக்‌ஷன் மாதிரி கறுப்பு. "டூப்ளிகேட் பேடு போட்டுட்டீங்களாண்ணே?" என்று என்னையே கேட்கிறார். எந்த கியரில் இறங்கினீங்க என்று கேட்டேன். "நியூட்ரல்தாண்ணே. இறக்கம்தான, அதுவா வந்துரும்ல."

பின்னால் நின்ற அவர் வீட்டம்மா, "ஏதோ எரியுற வாடை வருதுன்னு நான் அப்பவே சொன்னேன். காட்டுக்குள்ள யாரோ குப்பை கொளுத்துறாங்கன்னு சொல்லிட்டாரு" என்றார்கள். மலைப்பக்கம் மண்மேட்டில் உரசி வண்டி நின்றதால் எல்லோரும் வீடு வந்து சேர்ந்தார்கள். அந்தச் சாலையில் மறுபக்கம் என்ன இருக்கிறது என்று போனவர்களுக்குத் தெரியும்.

சரி, இந்த நியூட்ரல் சமாச்சாரத்தை இன்றைக்கு ஒரு முடிவுக்குக் கொண்டுவந்துவிடுகிறேன். வாட்ஸ்அப்பில் ஒருத்தர், டீக்கடையில் ஒருத்தர், சொந்தத்தில் ஒரு மாமா என்று எல்லோரும் இதைச் சொல்லித் தருகிறார்கள். நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சமாம். கார்புரேட்டர் வண்டி ஓடிய காலத்துக் கதை இது. இப்போதைய வண்டிகளில், பெட்ரோலோ டீசலோ, கியரில் போட்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கினால் இன்ஜெக்டர் எரிபொருளை நிறுத்திவிடும். இன்ஜினைச் சுற்றுவது சக்கரம்தான். டேங்கிலிருந்து ஒரு சொட்டு போகாது. நியூட்ரலில் தட்டினால்தான் இன்ஜின் அணையாமல் இருக்க எரிபொருள் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆக நியூட்ரலில் இறங்குகிறவருக்குத்தான் செலவு கூடுதல். பேடு, டிஸ்க், ரெக்கவரி வண்டி வாடகை எல்லாம் தனிக் கணக்கு.

இன்னும் சில புண்ணியவான்கள் இன்ஜினையே ஆஃப் பண்ணிவிட்டு இறங்குகிறார்கள். இன்ஜின் ஓடாவிட்டால், மிதியை லேசாக்கித் தருகிற பிரேக் பூஸ்டரில் இருக்கிற வாக்கூம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். அப்புறம் பெடல் கல்லு. பவர் ஸ்டீயரிங்கும் இறுகிப்போகும். இதைக் கேட்டபிறகும் செய்கிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் வேறு ஒன்றும் இல்லை.

மிச்சம் பிடிப்பதாக நினைக்கும் அந்தச் சக்தி எங்கே போகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். ஆளும் சாமானுமாக 1,800 கிலோ வண்டி அங்கிருந்து அடிவாரத்துக்கு வந்தால் ஏறத்தாழ 1,700 மீட்டர் இறங்குகிறது. அதில் பிறக்கும் சூடு, கிட்டத்தட்ட ஒரு லிட்டர் பெட்ரோலைக் கொளுத்தினால் வரும் சூடு. காற்றும் டயரும் கொஞ்சம் தின்னும். மிச்சத்தை இன்ஜின் வாங்க வேண்டும். நியூட்ரலில் விட்டீர்கள் என்றால் அத்தனையும் உள்ளங்கை அகலப் பேடுகளின் தலையில். டாட் 3 என்கிற ரகத்துப் பிரேக் ஆயில் புதுசாக இருந்தால் 205 டிகிரி வரைக்கும் கொதிக்காமல் தாங்கும். அதே ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துப் பழசாகிவிட்டால் 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். டாட் 4 என்றால் 230, பழசானால் 155. ஆயில் கொதித்தால் உள்ளே குமிழி கிளம்பி, பெடல் தரையைத் தொடும், அவ்வளவுதான். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயில் மாற்றச் சொன்னால், "லெவல் கரெக்டாத்தானே இருக்கு" என்பார்கள். லெவலைப் பற்றி யார் பேசினது?

டூர் கிளம்புகிறவர்கள் பட்டறைக்கு வந்து கேட்பதெல்லாம் மூன்றே கேள்விதான். ஏசி நல்லா இருக்கா, கூலன்ட் இருக்கா, எட்டுப் பேரை ஏத்துனா ஏத்தத்துல இழுக்குமா. இழுக்காவிட்டால் என்ன, முக்கி முனகி ஓரமாக நின்றுவிடும். ஏற்றத்தில் வண்டி நின்றால் தாமதம், அவ்வளவுதான் நஷ்டம். இறக்கத்தில் நிற்காவிட்டால்? அதை யாருமே கேட்பதில்லை. வழியைத் தேர்ந்தெடுப்பதிலும் இதே கூத்து. ஏறுகிற பாதையை ரீல்ஸ் பார்த்து முடிவு பண்ணுகிறார்கள், இறங்குகிற பாதையைப் போனிடம் விட்டுவிடுகிறார்கள். நான் தலைகீழாகச் சொல்கிறேன். இறங்குகிற வழியை முதலில் முடிவு பண்ணுங்கள். அது அகலமாக, பஸ் ஓடுகிற, நடுநடுவே நிறுத்த இடமும் டீக்கடையும் உள்ள ரோடாக இருக்கட்டும். அழகு பார்ப்பதை ஏறும்போது வைத்துக்கொள்ளுங்கள்.

மதுரையிலிருந்து கொடைக்கானல் என்றால் வத்தலக்குண்டிலிருந்து சித்தரேவு, தாண்டிக்குடி, பண்ணைக்காடு வழியாக ஏறுங்கள். காபித் தோட்டம், மரத்தில் படர்ந்த மிளகுக் கொடி எல்லாம் அந்தப் பக்கம்தான். ரோடு குறுகல், ஆனால் ஏறுகிறபோது வேகம் உங்கள் காலடியில். இறங்குவதற்குப் பெருமாள்மலை, ஊத்து, காமக்காபட்டி மெயின் ரோடு. பழனி வழியும் அழகுதான். கீழே வரதமாநதி அணை தெரியும் இடத்தில் எல்லோரும் போட்டோ எடுப்பார்கள், வளைவில் நிறுத்திவிட்டு எடுக்காதீர்கள். அடுக்கம் வழியை மலை ஓட்டிப் பழகாதவர்கள் இறங்குவதற்கு எடுக்கவே வேண்டாம். மழை பெய்தால் மண் சரிந்து அடைபடும் ரோடு அது, போனுக்கு அது தெரிந்திருக்கும் என்று நம்பாதீர்கள். 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் வேண்டும், அதையும் வீட்டிலிருந்தே எடுத்துவிடுங்கள். மலைக்குக் கீழே சிக்னல் தேடி நிற்கும் கூட்டத்தில் சேராதீர்கள்.

மூணாறுக்குப் போடிமெட்டில் 17 கொண்டை ஊசி வளைவு, மேகமலைக்குச் சின்னமனூரிலிருந்து 18. மேகமலையில் சாயங்காலத்துக்கு மேல் செக்போஸ்டில் விடமாட்டார்கள். மேலே மெக்கானிக்கும் கிடைக்கமாட்டார். டேங்கைச் சின்னமனூரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

மலை வருவதற்கு முன்னால் ஊர்கள் இருக்கின்றன, அதையும் சொல்ல வேண்டும். பைபாஸ் வேண்டாம், சோழவந்தான் பக்கம் வயலும் தென்னந்தோப்புமாகப் போகலாம் என்று நினைப்பவர்களை நான் தடுக்கவில்லை. நானும் அப்படிப் போகிறவன்தான். ஆனால் உசிலம்பட்டி, ஆண்டிபட்டி பக்கத்துக் கிராமங்களில் அறுப்புக் காலத்தில் கொள்ளுச் செடியை ரோட்டில் பரப்பியிருப்பார்கள், வண்டி ஏறினால் காய் உதிரும் என்று. மேலே ஏற்றிப் போனால் செடி வண்டிக்கடியில் ஆக்சிலில் சுற்றிக்கொள்ளும். சைலன்ஸர் பக்கம் சிக்கினால் காய்ந்த செடி தீப்பிடிக்கும். தை மாதம் ஒரு வண்டிக்கடியில் படுத்து, கத்தியால் அறுத்து அறுத்து ஒரு கோணிப்பை நிறைய எடுத்தேன். நுனியெல்லாம் கருகியிருந்தது. சுற்றிப் போக வழியில்லை என்றால் மெதுவாகக் கடந்து, கொஞ்சம் தள்ளி நிறுத்தி, குனிந்து பாருங்கள். களத்துக்காரரோடு சண்டை பிடிக்க வேண்டாம், களம் இல்லாத கொடுமை அவருக்கு.

இறக்கத்தில் செய்ய வேண்டியது ரொம்பக் கொஞ்சம். எந்த கியரில் அந்த ரோட்டை ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பெரும்பாலும் செகண்ட். இன்ஜின் உறுமும். உறுமட்டும், ஒன்றும் ஆகாது. முன்னால் போகிற கவர்மென்ட் பஸ்காரர் எப்படி இறங்குகிறார் என்று காது கொடுத்துக் கேளுங்கள், மலைரோட்டில் அவரைவிட நல்ல வாத்தியார் கிடையாது. ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்கள் டி-யிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். மேனுவல் மோடோ 'எல்' என்ற கியரோ இருக்கும், அதைப் போடுங்கள், இல்லையென்றால் உங்கள் வண்டிப் புத்தகத்தை ஒருதரம் திறந்து பாருங்கள். பிரேக்கை மிதித்தபடியே வராதீர்கள். அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுங்கள், அது ஆறட்டும். குறுகலான இடத்தில் இறங்குகிற வண்டிதான் ஒதுங்கி ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும். சட்டத்திலேயே இருக்கிறது, ஹாரன் அடித்தால் மாறாது.

வாடை வந்தால் அது உங்கள் வண்டிதான். காடும் இல்லை, குப்பையும் இல்லை. அகலமான இடமாகப் பார்த்து நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, அரை மணி நேரம் பிள்ளைகளோடு டீ குடியுங்கள். சுடுகிற டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், கோணிப்போகும், வெடிக்கவும் செய்யும். கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரமாகப் போடுங்கள் சாமி. ராத்திரி அதில் ஏறி விழுகிற பைக் ஓட்டுகிறவன் வீட்டிலும் பிள்ளை இருக்கும். ஓடும்போதே பெடல் உள்ளே போய்விட்டால் விட்டுவிட்டு வேகவேகமாக மிதியுங்கள், கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள், ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள், ஸ்டீயரிங் மலைப்பக்கம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பிரேக் பார்க்க வேண்டுமென்றால் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் வண்டியை விடுங்கள், என்னிடம் என்றில்லை, உங்களுக்குத் தெரிந்த பட்டறையில். உங்கள் மாடலுக்குப் பேடு கடையில் இல்லையென்றால் வரவழைக்க நாளாகும். வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு வந்து, "காலைல நாலு மணிக்குக் கிளம்புறோம்ணே, சும்மா ஒரு பார்வை பார்த்து விடுங்க" என்று கேட்டால், வண்டியைப் பார்த்துவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ பிடித்துத் தருவேன். ஆரப்பாளையத்திலிருந்து கொடைக்கானலுக்கு பஸ் இருக்கிறது.