விடியலில் மிதக்கும் மீன்கள்

மார்ச் மாதத்தில் ஒரு நாள், விடிவதற்குச் சற்று முன். சென்னைப் புறநகரில் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் ஏரியின் கரைமேல் நடந்துகொண்டிருந்தேன். ஓரத்துத் தண்ணீர் உலை கொதிப்பதுபோல் சலசலத்தது. குனிந்து பார்த்தால் அத்தனையும் மீன் வாய்கள். ஜிலேபிக் கெண்டைகள் நீர்மட்டத்துக்கு மேலே வாயைத் தூக்கித் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. வெளிச்சம் வந்தபோது பெரிய பெரிய கட்லாவும் ரோகுவும் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. இரவில் யாரோ விஷம் கலந்துவிட்டார்கள் என்று கரையில் கூடியவர்கள் பேசிக்கொண்டார்கள்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. செத்தவற்றில் விரால் ஒன்றுகூட இல்லை, தேளியும் இல்லை. அவை இரண்டும் செவுளை மட்டும் நம்பியிருக்கும் மீன்கள் அல்ல. மேலே வந்து காற்றை விழுங்கி அதிலிருந்தும் ஆக்சிஜன் எடுத்துக்கொள்ளக்கூடியவை. விஷம் என்றால் அவற்றையும் விட்டுவைத்திருக்காது. செத்ததில் பெரிய மீன்களே அதிகம். செத்த நேரமும் விடியற்காலை. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரே பதில்தான் வருகிறது. அந்த மீன்கள் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டி இறந்திருக்கின்றன.

ஒரு லிட்டர் காற்றில் ஏறக்குறைய 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. 30 டிகிரி வெப்பத்தில் இருக்கும் ஏரித் தண்ணீர் ஒரு லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம்தான் பிடித்துவைக்கும். வெயில் ஏற ஏற அதுவும் குறையும். அந்தச் சொற்பத்தில்தான் மீனும் இறாலும் புழுவும் நுண்ணுயிரும் பிழைக்க வேண்டும். பகலில் பாசி வெயிலை வாங்கி ஆக்சிஜனை வெளியிடுகிறது. பச்சைப் பசேலென்று இருக்கும் ஏரியில் பிற்பகல் மூன்று மணிக்கு அளந்து பார்த்தால் ஆக்சிஜன் அளவுக்கு மிஞ்சியே இருக்கும். பொழுது சாய்ந்ததும் உற்பத்தி நின்றுவிடுகிறது. ஆனால் மூச்சு விடுவது நிற்பதில்லை. பாசியும் இரவு முழுவதும் மீனைப் போலவே ஆக்சிஜனை உள்ளே இழுக்கிறது. பகலில் சம்பாதித்தது கரைந்து கரைந்து சூரியன் எழும்பும் முன்பு கடைசிச் சொட்டுக்கு வந்து நிற்கிறது. முந்தின நாள் வானம் மூடாக்காக இருந்திருந்தால் சேமிப்பே குறைவு. லிட்டருக்கு மூன்று மில்லிகிராமுக்குக் கீழே இறங்கும்போது கட்லா திணறத் தொடங்கும். ஒன்றை நெருங்கும்போது பிழைப்பது அரிது. மீன் வளர்ப்பவர்கள் விடிகாலையில் குளத்தில் தண்ணீரைக் கலக்கிக் காற்றூட்டும் சக்கரத்தைச் சுழலவிடுவது இதற்காகத்தான்.

ஆகவே அளவுக்கு மீறிய பச்சைதான் இங்கே நோய். அவ்வளவு பாசி எப்படி வந்தது?

இட்லிக்கு மாவு அரைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். நான்கு படி அரிசிக்கு ஒரு படி உளுந்து. வீட்டில் அரிசி மூட்டை மூட்டையாக இருந்தாலும் உளுந்து ஒரு படிதான் என்றால், மாவின் அளவைத் தீர்மானிப்பது உளுந்துதான். பாசியின் உடம்பிலும் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது. எடையில் சுமார் 40 பங்கு கார்பன், 7 பங்கு நைட்ரஜன், ஒரு பங்கு பாஸ்பரஸ். கார்பன் காற்றிலிருந்து கரைந்து வந்துகொண்டே இருக்கும். நைட்ரஜன் குறைந்தால் அதையும் காற்றிலிருந்தே பிடித்துக்கொள்ளத் தெரிந்த நீலப்பச்சைப் பாசிகள் உண்டு. பாஸ்பரஸுக்கு மட்டும் காற்றில் சேமிப்பு இல்லை. ஏரியின் உளுந்து அதுதான்.

இதை ஓர் ஏரியையே இரண்டாகப் பிரித்துக் கனடாவில் காட்டினார்கள். ஒன்டாரியோ மாகாணத்தின் காட்டுப் பகுதியில் ஆய்வுக்கென்றே பல ஏரிகளை ஒதுக்கியிருக்கிறார்கள். அவற்றில் 226 என்ற எண்ணுள்ள ஏரி உடுக்கை வடிவம் கொண்டது. 1973ஆம் ஆண்டு ஏரி ஆய்வாளர் டேவிட் ஷிண்ட்லரும் அவருடைய குழுவினரும் அந்த இடுப்பின் குறுக்கே நீர் புகாத திரை ஒன்றைக் கட்டினார்கள். இரண்டு பாதிகளிலும் கார்பனையும் நைட்ரஜனையும் கலந்தார்கள். ஒரு பாதியில் மட்டும் கூடவே பாஸ்பரஸையும் சேர்த்தார்கள். அந்தக் கோடையில் வானத்திலிருந்து எடுத்த படத்தில் ஒரு பாதி பழையபடி கருநீலமாக இருக்கிறது. பாஸ்பரஸ் விழுந்த பாதி பச்சைக் குழம்பாகியிருக்கிறது. சலவைத்தூளில் பாஸ்பேட் என்ற பாஸ்பரஸ் சேர்மத்தைக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற வாதத்துக்கு ஆயிரம் பக்க அறிக்கையைவிட அந்த ஒரு படம் பலம் சேர்த்தது.

நம் தெருக் கணக்குக்கு வருவோம். மனித உடம்பு ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு கிராம் பாஸ்பரஸை வெளியேற்றுகிறது, பெரும்பகுதி சிறுநீரில். ஒரு கிராம் பாஸ்பரஸ் முழுவதும் பாசியானால் ஈர எடையில் அரைக்கிலோ வரை தேறும். நான்கு பேர் உள்ள ஐந்நூறு வீடுகளின் கழிவுநீர் ஓர் ஏரியில் விழுந்தால், நாள் ஒன்றுக்கு ஒரு டன் பாசிக்குத் தேவையான தீனி போய்ச் சேர்கிறது. எந்தத் தொழிற்சாலையும் வேண்டாம்; நாமே போதும்.

பாசியில் மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சை வகை பெருகிவிட்டால் மீனோடு முடிவதில்லை. அதன் நஞ்சு கல்லீரலைத் தாக்கும், கொதிக்கவைத்தாலும் போகாது. 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலிடோ நகரத்தில் ஏறத்தாழ நான்கு லட்சம் பேரிடம், குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள், கொதிக்கவைத்தும் குடிக்காதீர்கள் என்று சொல்ல நேர்ந்தது. அவர்களுக்குத் தண்ணீர் தந்த ஈரி ஏரியில் பாசி அப்படி மண்டியிருந்தது.

இனி அடியில் கிடக்கும் சேற்றைப் பார்ப்போம். செத்த பாசி அடியில் படிகிறது. அதோடு பாஸ்பரஸும் படிகிறது. சேற்றின் மேற்பரப்பில் ஆக்சிஜன் இருக்கும்வரை அங்குள்ள இரும்பு பாஸ்பேட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆக்சிஜன் தீர்ந்ததும் இரும்பின் வேதிநிலை மாறுகிறது, பிடி தளர்கிறது. பல ஆண்டுகளாகப் புதைந்து கிடந்த பாஸ்பேட் மறுபடி தண்ணீரில் கரைந்து அடுத்த தலைமுறைப் பாசிக்கு உணவாகிறது. பாசி ஆக்சிஜனைத் தீர்க்கிறது, ஆக்சிஜன் தீர்ந்ததால் பாஸ்பரஸ் எழும்புகிறது, அதைத் தின்று மேலும் பாசி. ஒருமுறை கெட்ட ஏரி தன்னையே கெடுத்துக்கொள்ளத் தொடங்குவது இப்படித்தான்.

அப்படியானால் நூற்றாண்டுக் கணக்கில் மனிதர்களுக்கும் மாடுகளுக்கும் நடுவே இருந்த நம் ஏரிகள் எப்படிப் பிழைத்தன? நான் நினைத்து நினைத்து வியப்பது இதைத்தான். பழைய ஏரிக்குள் வந்தது பெரும்பாலும் மழை வெள்ளம்; வந்தது வெளியேறவும் வழி இருந்தது. மதகு வழியாகத் தண்ணீர் வயலுக்குப் போனபோது அதில் கரைந்திருந்த சத்தும் நெல்லுக்குப் போயிற்று. குமிழித்தூம்பு என்ற பழைய மதகமைப்பு உள்ள ஏரிகளில் தண்ணீருக்கு நீரோடித் துளை, சேற்றுக்குச் சேறோடித் துளை என்று தனித்தனியே வைத்தார்கள். பாயும் தண்ணீரே அடிவண்டலை இழுத்துக்கொண்டு வயலுக்குப் போகும். கோடையில் ஏரி வற்றியதும் மிச்ச வண்டலை வண்டி வண்டியாக அள்ளி நிலத்தில் கொட்டினார்கள். விவசாயிக்கு அது இலவச உரம். ஏரிக்கு அது வருடாந்தரச் சிகிச்சை. பாஸ்பரஸ் என்ற பெயர் தெரியாமலே அதை ஏரியிலிருந்து நிலத்துக்குத் திருப்பியனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

புறநகர் ஏரியில் இன்று ஆயக்கட்டு இல்லை. வயல் இருந்த இடத்தில் மனைகள். மதகு துருப்பிடித்துக் கிடக்கிறது. வண்டல் அள்ள யாரும் வருவதில்லை. உள்ளே வருவதோ மாரியில் மட்டும் அல்ல, 365 நாளும். வரவு மட்டும் எழுதி செலவே எழுதாத கணக்கு இது.

மீட்க முடியுமா என்றால், முடியும். சியாட்டில் நகரை ஒட்டிய வாஷிங்டன் ஏரியில் 1955இல் ஊதாச் சாயல் கொண்ட நீலப்பச்சைப் பாசி ஒன்று தலைகாட்டியது. சுற்றியிருந்த சுத்திகரிப்பு நிலையங்களின் நீர் அந்த ஏரியில்தான் விழுந்துகொண்டிருந்தது. இது எங்கே போய் முடியும் என்று உயிரியலாளர் எட்மண்ட்சன் முன்கூட்டியே எச்சரித்தார். ஊர் மக்கள் வாக்களித்துத் தங்கள் காசிலேயே பெரிய குழாய்கள் பதிக்கச் சம்மதித்தார்கள். 1963 முதல் 1968 வரை படிப்படியாகக் கழிவுநீர் முழுவதும் திருப்பப்பட்டது. ஒரு மீட்டர் ஆழம்கூடத் தெரியாதிருந்த தண்ணீர் 1970களில் மூன்று மீட்டருக்கு மேல் தெளிந்தது. அது ஆழமான ஏரி என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஸ்வீடனின் ட்ரும்மன் ஏரி நம்முடையதைப் போல ஆழமற்றது. அங்கே 1950களின் கடைசியில் கழிவுநீரை நிறுத்தியும் பத்தாண்டுகளுக்கு ஏரி தெளியவில்லை. சேறு பழைய பாஸ்பரஸைக் கக்கிக்கொண்டே இருந்தது. 1970, 71இல் மேல்சேற்றை உறிஞ்சி எடுத்த பிறகுதான் தண்ணீர் திருந்தியது.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் வேலையின் வரிசை புரிகிறது: முதலில் வரவை அடைக்க வேண்டும், அடுத்துத் தூர் வார வேண்டும். நாமோ பெரும்பாலும் கடைசியிலிருந்து தொடங்குகிறோம். நடைபாதை, மின்விளக்கு, செயற்கை நீரூற்று, கரையோரம் கான்கிரீட். ஓரத்துக் கோரையையும் சம்பையும் பிடுங்கிவிட்டுக் கான்கிரீட் போடுவது என்னை உண்மையாகவே வருத்துகிறது. உள்ளே ஓடிவரும் மண்ணையும் சத்தையும் வடிகட்டிக்கொண்டிருந்தவை அவை. ஆகாயத்தாமரையை அள்ளிக் கரையிலேயே குவிப்பதும் அப்படித்தான். அழுகி வடியும் சாறு அடுத்த மழையில் மறுபடி ஏரிக்குள் போகிறது. அள்ளியதை அன்றே அப்புறப்படுத்தினால்தான் அந்த உழைப்புக்குப் பலன். சுத்திகரித்த நீர்தானே, விடலாம் என்பதும் முழு உண்மை அல்ல. வழக்கமான சுத்திகரிப்பு நாற்றத்தையும் அழுகும் பொருளையும் நீக்கும். பாஸ்பரஸில் பெரும்பகுதியை அப்படியே விட்டுவிடும். படிகாரமோ இரும்பு உப்போ சேர்த்து அதைத் தனியே படியவைக்க வேண்டும். உங்கள் ஏரிக்கு வரும் நீரில் அந்தப் படி இருக்கிறதா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

ஏரியின் தெளிவை அளக்கப் பெரிய கருவி வேண்டியதில்லை. ஏஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் 1865இல் கடலில் ஒரு வட்டத் தட்டை இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்தார். இன்றும் ஏரி ஆய்வாளர்கள் 20 செ.மீ. அகலத்தில் கறுப்பும் வெள்ளையும் தீட்டிய தட்டைத்தான் இறக்குகிறார்கள். மீன்கள் செத்த வாரத்தில் பரிசல்காரர் ஒருவரின் உதவியோடு, கல் கட்டிய வெள்ளைத் தட்டு ஒன்றை நானும் இறக்கிப் பார்த்தேன். என் முழங்கை நீளம்கூடப் போகவில்லை. கயிற்றை ஒரு சாண் விட்டதுமே தட்டு மங்கியது, அடுத்த சாணில் காணாமல் போயிற்று.

அந்த மே மாதம், ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் ஓரமாக நடந்தேன். மழை பெய்து பல வாரங்கள் ஆகியிருந்தன. வரத்துக்கால் வறண்டு வெடித்துக் கிடந்திருக்க வேண்டும். கணுக்கால் அளவுக்குச் சாம்பல் நிறத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மழையில்லாத மே மாதத்தில் அங்கே ஓடுவது யார் வீட்டிலிருந்து வருகிறது என்று குழாய் குழாயாகப் பார்த்துக்கொண்டே ஏறினேன். இரண்டு தெரு தாண்டியதும் ஒரு பிளாஸ்டிக் குழாய், அதற்கு மேல் இன்னொன்று, மூன்றாவதின் வாயில் சோப்பு நுரை. நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொன்றின் இடத்தையும் குறித்துக்கொண்டேன். பதினேழாவது குழாய் எங்கள் தெருவின் கால்வாயிலிருந்து வந்தது.