லேப்பராஸ்கோப்பி: சாவித்துளையா, சிறுகீறலா?

கல்லீரல் தானம் கொடுக்கப்போகிறவரிடம் டாக்டர் ‘லேப்பராஸ்கோப்பியில் எடுத்துவிடலாம்’ என்று சொன்னால், வீட்டில் அது ‘ஓட்டை போட்டுச் செய்யும் ஆபரேஷன்’ ஆகிவிடும். மோசமான மொழிபெயர்ப்பு ஒன்றும் இல்லை. ஆனால் கல்லீரலுக்கு ஓட்டை மட்டும் போதாது.

சொல் கிரேக்கம். ‘லபரா’ என்பது விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே மெத்தென்றிருக்கும் பக்கம். அள்ளை என்கிறோமே, ஏறக்குறைய அந்த இடம். ‘ஸ்கோபெயின்’ என்றால் பார்ப்பது. 1901இல் ஜெர்மனியின் கியோர்க் கெல்லிங் ஒரு நாயின் வயிற்றில் காற்றை ஏற்றி, குழாய் விட்டு உள்ளே பார்த்தார். 1910 வாக்கில் சுவீடனின் ஹான்ஸ் கிறிஸ்டியன் யாக்கோபேயஸ் மனிதர்களிடம் அதைச் செய்தார். பெயரைப் பழக்கியவரும் அவரே. பெயரில் பார்ப்பது மட்டும்தான் இருக்கிறது. அறுப்பது பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது.

இதன் பெரிய குடும்பப் பெயர் ‘மினிமலி இன்வேசிவ்’. 1980களில் லண்டன் சிறுநீரக அறுவை மருத்துவர் ஜான் விக்கம் பரப்பியது. இன்வேசிவ் என்பதன் லத்தீன் வேரில் படையெடுத்து நுழைவது என்ற பொருள் உண்டு. அதை அப்படியே ‘குறை ஊடுருவல்’ என்று எழுதினால், எல்லையில் ஏதோ கலவரம் போலிருக்கிறது. ‘குறை’ வேறு சேர்ந்தால், அறுவையில் என்ன குறை என்று கேட்கத் தோன்றும்!

ஆங்கிலத்தில் ‘கீஹோல்’ என்றும் சொல்வார்கள்; அதன் தமிழான ‘சாவித்துளை’ பரவாயில்லை, படம் கண்ணில் நிற்கிறது. பித்தப்பைக்குப் பொருந்தவும் செய்யும். தொப்புள் துளை வழியாகவே அதை வெளியே இழுத்துவிடலாம். கல்லீரல் கொடை அப்படி இல்லை. பெரியவர் ஒருவருக்கு வலப்பக்கத்தைக் கொடுத்தால், மொத்த ஈரலில் ஏறத்தாழ 60 சதவீதம் போகும். அது இன்னொருவர் உடம்பில் வேலை செய்ய வேண்டிய உறுப்பு, நறுக்கி எடுக்க வழியில்லை. அதனால் வயிற்றுக்குள் கரியமிலவாயுவை ஏற்றி, நாலைந்து துளை வழியே கேமராவும் கருவிகளும் விட்டு ஈரலைப் பிரிக்கிறார்கள். பிரித்ததைப் பைக்குள் போட்டு, அடிவயிற்றில் சிசேரியன் தழும்பு இருக்குமே, அந்த இடத்தில் கீறி முழுசாக எடுக்கிறார்கள். திறந்த முறையில் நெஞ்சுக்குழியிலிருந்து இறங்கி வலப்பக்கம் வளையும், ஹாக்கி மட்டை போன்ற நீளக் கீறல் வேண்டியிருந்தது.

2002இல் பிரான்சில் தானியேல் ஷெர்கியின் குழு, குழந்தைகளுக்குக் கொடுக்க இடப்பக்கத்தின் சிறு துண்டை இப்படி எடுத்ததை வெளியிட்டது. வலப்பக்கத்துக்குப் பத்தாண்டு போலப் பொறுக்க வேண்டியிருந்தது. இன்று சியோலில் அது அன்றாட வேலை. ரியாத்தில் ரோபோ வைத்தே செய்கிறார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? கருவிக்கு ‘வயிற்று உள்நோக்கி’ இருக்கிறது, இருக்கட்டும். சிகிச்சைக்கு என் ஓட்டு ‘சிறுகீறல் அறுவை’க்கு. துளை மட்டும்தான் என்று அது ஏமாற்றுவதில்லை. சின்னது எது என்பதையும் சரியாகச் சொல்கிறது: கீறல்தான் சின்னது. உள்ளே ஈரலில் விழும் வெட்டு, திறந்து செய்தாலும் இதே அளவுதான்.