திறமூல உரிமம்: வாதிடுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

மென்பொருள் நிறுவனங்கள் பயன்படுத்தும் திறமூல (ஓப்பன் சோர்ஸ்: மூலநிரலை எவரும் பார்த்து, மாற்றிப் பயன்படுத்த அனுமதிக்கும்) நிரல்களின் உரிமங்களைச் சரிபார்த்துக் கொடுப்பது சிங்கப்பூரில் நான் செய்யும் வேலையின் ஒரு பகுதி. ஒன்-நார்த் வட்டாரத்து அலுவலகம் ஒன்றில், கிடங்குகளில் பொருத்தும் சிறு கருவியை வெளியிடுவதற்கு முந்தைய வாரம், மூத்த நிரலர்கள் இருவர் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வாதிட்டதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கருவிக்குள் இயங்குதளத்தின் மையப் பகுதியான லினக்ஸ் கெர்னலும், அடிப்படைக் கட்டளைகளின் தொகுப்பான பிஸிபாக்ஸும் இருந்தன. இரண்டும், நிரலைப் பிறருக்கு விநியோகித்தால் மூலநிரலையும் தரச் சொல்லும் ஜிபிஎல் (GPL) உரிமத்தின் 2ஆம் பதிப்பின்கீழ் வருபவை. "நாம் விற்பது பெட்டியை, மென்பொருளை அல்ல, இந்த உரிமம் நம்மைக் கட்டுப்படுத்தாது" என்றார் ஒருவர். "ஜிபிஎல் உள்ளே வந்தால் நம் நிரல் முழுவதையும் வெளியிட வேண்டியிருக்கும், அதை எடுத்துவிடுங்கள்" என்றார் மற்றவர்.

இருவர் சொன்னதும் சரியல்ல. பெட்டிக்குள் வைத்து வாடிக்கையாளரிடம் கொடுத்தாலும் அது விநியோகம்தான். ஆகவே கெர்னல், பிஸிபாக்ஸ் ஆகியவற்றின் மூலநிரலை, அவற்றில் நாம் செய்த மாற்றங்களுடன், கருவியோடு சேர்த்துத் தர வேண்டும். அல்லது கேட்பவருக்குத் தருவதாகக் குறைந்தது 3 ஆண்டுகள் செல்லுபடியாகும் எழுத்துபூர்வ உறுதியை அளிக்க வேண்டும். அதே சமயம், வழக்கமான சிஸ்டம் கால்கள் (கெர்னலிடம் செயலி விடுக்கும் சேவைக் கோரிக்கைகள்) வழியாக மட்டும் கெர்னலைப் பயன்படுத்தும் தனிச் செயலி, அதிலிருந்து உருவான வழிப்படைப்பு ஆகாது என்ற குறிப்பு கெர்னலின் உரிமக் கோப்பிலேயே இருக்கிறது. அந்நிறுவனம் சொந்தமாக எழுதிய செயலியை வெளியிட வேண்டிய தேவை எழவில்லை.

எந்த உரிமம் நல்லது என்று தொடங்குவதால்தான் இத்தகைய வாதங்கள் நீள்கின்றன. நிரல் எந்த வழியாக யார் கைக்குப் போகிறது என்பதையே முதலில் கேட்க வேண்டும். ஜிபிஎல் நிரலை அலுவலகத்துக்குள் மட்டும் பயன்படுத்தினால் மூலநிரலை யாருக்கும் தர வேண்டியதில்லை. சர்வரில் ஓட்டிச் சேவையாக வழங்கினாலும் அப்படித்தான். 2007இல் வந்த, ஜிபிஎல்லின் வலைச்சேவைகளுக்கான வடிவமான ஏஜிபிஎல் (AGPL) 3ஆம் பதிப்போ, மாற்றியமைத்த நிரலை வலைவழியே பயன்படுத்துவோருக்கும் மூலநிரலைக் கேட்டுப்பெறும் உரிமை தருகிறது. எளியதெனக் கருதப்படும் எம்ஐடி உரிமத்துக்கும் ஒரு நிபந்தனை உண்டு: பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் பிரதிகளில் வைத்திருக்க வேண்டும். நான் பார்க்கும் கைப்பேசிச் செயலிகளில் அடிக்கடி விடுபடுவது இதுதான்.

எனக்கு மிகுந்த கவலை தருவது உரிமக் கோப்பே இல்லாத நிரல். இணையத்தில் எல்லாரும் பார்க்கும்படி இருப்பதால் எடுத்துக்கொள்ளலாம் என்று அனுபவமுள்ளவர்களும் நம்புகிறார்கள். சிங்கப்பூரில் பதிப்புரிமைக்குப் பதிவு தேவையில்லை. எழுதியவுடன் அது தானாகவே உண்டாகிறது. உரிமம் இல்லை என்றால் அனுமதி இல்லை என்றே பொருள்.

சொந்த நிரலுக்கு உரிமம் தேர்ந்தெடுக்கும்போது வேறுபாடு இன்னும் ஆழமாகிறது. தமிழ் எழுத்துப்பிழை திருத்தி ஒன்றை வார இறுதிகளில் உருவாக்கிய 11 தன்னார்வலர்கள் என்னிடம் ஆலோசனை கேட்டார்கள். பள்ளிகளும் பதிப்பகங்களும் தயங்காமல் எடுத்துக்கொள்ள எம்ஐடி வேண்டும் என்றனர் சிலர். பல ஆண்டுகள் சேர்த்த சொற்பட்டியலை ஏதேனும் ஒரு நிறுவனம் மூடிவைத்துக்கொள்ளுமே என்று அஞ்சியவர்கள் ஜிபிஎல் கேட்டனர். வணிகப் பயன்பாட்டைத் தடுக்க வேண்டும் என்றார் ஒருவர். அந்த விருப்பம் நியாயமானதே, ஆனால் பயன்படுத்தும் துறையைக் கட்டுப்படுத்தும் உரிமத்தைத் திறமூல வரையறை ஏற்பதில்லை. அவர்களுடைய அச்சம் உண்மையானது என்று பட்டதால் ஜிபிஎல் 3ஐப் பரிந்துரைத்தேன். 2020 ஏப்ரலில், சிங்கப்பூரின் கோவிட் தொடர்புத் தடமறியும் செயலியான ட்ரேஸ்டுகெதரின் மாதிரி நிரலான ஓப்பன்ட்ரேஸும் அதே உரிமத்தின்கீழ்தான் வெளியானது.

ஆனால் உரிமம் கொடுக்கும் உரிமை அவர்கள் எல்லாரிடமும் இருந்ததா என்பதை யாரும் பார்த்திருக்கவில்லை. சிங்கப்பூரின் 2021 பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், பணியாளர் தம் வேலையின் பகுதியாக எழுதியது முதலாளிக்கே சொந்தம். இருவர் தங்கள் நிரலின் சில பகுதிகளை அலுவலக வேலைக்காகவே முதலில் எழுதியிருந்தார்கள். ஒருவரின் நிறுவனம் ஒப்புதல் கடிதம் தந்தது. மற்ற நிறுவனம் மறுத்தது. பழைய நிரலைப் பார்த்திராத இன்னொரு தன்னார்வலர் மூன்று வாரம் உட்கார்ந்து அந்தப் பகுதியைப் புதிதாக எழுதினார். அதன் பிறகே உரிமக் கோப்பைச் சேர்த்தார்கள்.