படகுக் கூரையில் உதிரும் பழுப்புத் தூள்

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "மைத்துனருடன் சேர்ந்து கொச்சியில் ஒரு பழைய ஃபைபர் படகு வாங்கினோம். கேபின் மேல்கூரையில் ரெக்சின் வயிறு தள்ளித் தொங்குகிறது. தட்டினால் பழுப்புத் தூள் கொட்டுகிறது. பசை போட்டு ஒட்டியும் நிற்கவில்லை. கண் பட்டிருக்கிறது, பூசணிக்காய் கட்டுங்கள் என்கிறார்கள். என்ன செய்வது?"

பூசணிக்காய் கட்டுங்கள், பெரிய செலவில்லை. ஆனால் பசையைத் திட்டாதீர்கள். அது பிடித்த பிடியை விடவில்லை. அது பிடித்திருந்த பொருள்தான் பொடியாகிவிட்டது.

ரெக்சினுக்குப் பின்னால் மெல்லிய ஸ்பாஞ்ச் இருக்கும். பாலியூரித்தேன், 1937-இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் குழு கண்டுபிடித்த வகை. அதற்கு எமன் தண்ணீர். கூரை ஒழுகாமலே அந்தத் தண்ணீர் உள்ளே வந்துவிடும். ஏற்காட்டில் விடியற்காலையில் பாருங்கள்: வெட்டவெளியில் நிறுத்திய காரின் கூரை சொட்டச் சொட்ட நனைந்திருக்கும், சில்வர் ஓக் மரத்தடியில் நின்ற கார் காய்ந்திருக்கும். திறந்த வானத்தைப் பார்த்த தகடு இரவெல்லாம் வெப்பத்தைக் கதிர்வீசி, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகிறது. படகின் மேல்தளமும் அப்படித்தான். 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் 17 கிராம்தான். கேபினில் தூங்குகிறவர்களின் மூச்சு ஈரம் ஸ்பாஞ்சுக்குள் ஊடுருவி, குளிர்ந்த ஃபைபரைத் தொட்டதும் நீராகிறது. காலையில் வெயில் ஏறினாலும், ரெக்சின் மூடியிருப்பதால் அது லேசில் காயாது.

இனிதான் எனக்குப் பிடித்த பகுதி. அந்தக் காலத்து ஸ்பாஞ்சுகளில் பல, எஸ்டர் பிணைப்புகளால் கோத்த நீண்ட சங்கிலிகள். பிளஸ் டூ வேதியியலை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்து, ஒரு நீர் மூலக்கூறை வெளியே தள்ளினால் எஸ்டர். அந்த நீர் திரும்பி வந்தால் பிணைப்பு அறுந்து, ஒரு முனையில் அமிலம், மறுமுனையில் ஆல்கஹால். இதோடு நின்றால் பரவாயில்லை. எஸ்டரை நீர் அறுப்பதற்கு அமிலமே கிரியா ஊக்கி! அறுந்த ஒவ்வொரு பிணைப்பும் விட்டுச்செல்லும் அமிலம், பக்கத்துப் பிணைப்பு அறுவதைத் துரிதப்படுத்துகிறது. கூடையில் ஒரு மாம்பழம் பழுத்தால் மற்றவையும் வேகமெடுப்பது போல. அதனால்தான் வருடக்கணக்கில் ஒன்றும் தெரியாது. அப்புறம் திடீரென்று ஒரே மழைக்காலத்தில் பிசுபிசுத்து, தூளாகி, கூரை இறங்கிவிடும்.

1960-களின் ஸ்பாஞ்ச் பொருட்கள் பல அலமாரியிலேயே உதிர்வதைப் பார்த்து அருங்காட்சியகக்காரர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வதும் பெரும்பாலும் இதே வினையால்தான். புதுப் பாலிமர் செய்கிறேன் என்றால் ஆராய்ச்சிப் பணம் கிடைக்கிறது. இருப்பது எப்படிச் சாகிறது என்று பார்க்கக் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு இதில் கோபம் உண்டு.

சரி, வேலைக்கு வருவோம். ரெக்சின் போர்த்திய பழைய கூரைப் பலகைகள் இருந்தால் உடைக்காமல் கழற்றுங்கள், புதியதை வெட்ட அவைதான் அளவு. மாஸ்க் போட்டுக்கொண்டு, ஃபைபர் தெரியும் வரை ஸ்பாஞ்சைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டுங்கள். மிச்சம் வைத்து மேலே பசை பூசினால் மறுபடியும் அதே கதை. பலகைக்கு ஐஎஸ் 710 என்ற இந்தியத் தர எண் கொண்ட மரைன் பிளைவுட் கேளுங்கள். அதன் பசை ஃபீனால் ஃபார்மால்டிஹைடு, ஈரத்துக்கு எளிதில் மசியாது. வெட்டிய விளிம்புகளில் எபாக்சி பிசின் பூசாவிட்டால் நீர் அந்த வழியாக நுழையும். திருகாணிகள் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும்.

பலகைக்கு மேலே புது ஸ்பாஞ்ச் வைப்பதானால், துளைகள் ஒன்றோடொன்று சேராத பாலிஎத்திலீன் வகை வேண்டும். கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டாம். ஒரு துண்டைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிழிந்து விடுங்கள். நீரை உறிஞ்சிக் கனத்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.