மாற்றுப் பாதை இல்லாத மரம்

"உச்ச நீதிமன்றம் நியமித்த குழுவையே ஏற்க மாட்டேன் என்று சொல்ல ஃபிஃபா யார்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். 2022 ஆகஸ்டில், உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா இந்தியாவை இடைநீக்கம் செய்ததைத்தான் சொல்கிறார். கேள்வியில் கோபம் இருக்கிறது. பதிலில் இருப்பது கொஞ்சம் வடிவியல்.

முதலில் நடந்தது. அகில இந்திய கால்பந்து சம்மேளனத் தலைவர் பிரஃபுல் படேலின் பதவிக்காலம் 2020 டிசம்பரில் முடிந்தும் தேர்தல் நடக்கவில்லை. 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் நிர்வாகத்தை மூன்று பேர் குழுவிடம் ஒப்படைத்தது. ஆகஸ்ட் 16 காலை நாம் கண் விழித்தபோது செய்தி வந்திருந்தது: மூன்றாம் தரப்புத் தலையீடு, அதனால் இந்தியா இடைநீக்கம். கோகுலம் கேரளா பெண்கள் அணி ஆசிய கிளப் போட்டிக்காக தாஷ்கண்ட் போய் இறங்கியிருந்தது. நிர்வாகச் சண்டைக்கும் அந்தப் பெண்களுக்கும் துளி சம்பந்தம் கிடையாது. ஆனாலும் ஆடாமலேதான் திரும்பினார்கள்.

ஃபிஃபா, சுவிட்சர்லாந்துச் சட்டப்படி சூரிச்சில் பதிவான ஒரு சங்கம். நம் நீதிமன்றத்தின் மேல் அதற்கு எந்த அதிகாரமும் இல்லை. "எங்கள் பந்தியில் இனி உங்களுக்கு இலை கிடையாது" என்று மட்டும்தான் அதனால் சொல்ல முடியும். அது ஏன் இவ்வளவு வலிக்கிறது என்றால், ஊரில் வேறு பந்தியே இல்லை.

பள்ளியில் படித்த வலைப்பின்னல் படங்களை நினைத்துப் பாருங்கள். இணையம் மீன்வலை மாதிரி. ஒரு இழை அறுந்தால் தகவல் சுற்றிக்கொண்டு போய்ச் சேரும். கால்பந்து நிர்வாகம் மரம் மாதிரி. கிளப், மாவட்டச் சங்கம், மாநிலச் சங்கம், தேசிய சம்மேளனம், ஃபிஃபா. ஆசியக் கூட்டமைப்பு போல ஆறு கண்டக் கூட்டமைப்புகள் பக்கத்தில் இருக்கின்றன. ஆனாலும் உறுப்பினர் பட்டியலில் நேரடியாக இருப்பவை 211 தேசிய சம்மேளனங்கள்தான். மரத்தில் எந்த இரண்டு புள்ளிகளை எடுத்தாலும் நடுவே ஒரே ஒரு பாதைதான் உண்டு. ஒரு கிளையை அறுத்தால் அதற்குக் கீழே உள்ள இலை அத்தனையும் சேர்ந்து விழும். தாஷ்கண்டில் நின்றவர்கள் அந்த இலைகள்.

இப்படி ஒரு எளிதில் உடையும் அமைப்பை ஏன் வைத்திருக்கிறார்கள்? குத்துச்சண்டையைப் பாருங்கள், அங்கே நாலு பெரிய உலக அமைப்புகள். ஒரே எடைப் பிரிவில் ஒரே நேரத்தில் நாலு 'உலக சாம்பியன்கள்' இருக்கலாம். கால்பந்தில் அந்தக் கூத்து இல்லாததற்குக் காரணம் 'ஒரு நாட்டுக்கு ஒரு சம்மேளனம்' என்ற விதி. (பிரிட்டன் ஒரு விலக்கு. இங்கிலாந்துச் சங்கம் 1863இல் பிறந்தது, ஃபிஃபா 1904இல். மூத்தவரிடம் விதி பேச முடியுமா? அங்கே நாலு சங்கங்கள்.) நம் சம்மேளனம் 1937இல் தொடங்கி 1948இல் ஃபிஃபாவில் சேர்ந்தது.

உள்ளமைப்பு வழக்கமானதுதான். பொதுக்குழு, அது தேர்ந்தெடுக்கும் செயற்குழு, சம்பளத்துக்கு வேலை பார்க்கும் பொதுச் செயலாளர், ஒழுங்கு நடவடிக்கைக் குழு, மேல்முறையீட்டுக் குழு. கவனிக்க வேண்டியது ஓட்டு. 2022இல் அது மரத்தில் ஒவ்வொரு படியாகத்தான் ஏறியது. வீரர் தலைவருக்கு ஓட்டுப் போடவில்லை, மாநிலச் சங்கம் போட்டது. நீதிமன்றக் குழு 36 முன்னாள் வீரர்களுக்கும் ஓட்டு தர முயன்றது. ஃபிஃபாவின் முக்கிய உறுத்தல்களில் அதுவும் ஒன்று. கிளைகள் ஓட்டுப் போடும் இடத்தில் தனி ஆட்கள் எப்படி வந்தார்கள் என்றது. கடைசியில் நீதிமன்றம் குழுவைக் கலைத்தது, ஆகஸ்ட் 26 இரவு தடை நீங்கியது. செப்டம்பர் 2 அன்று தேர்தல். 34 மாநிலச் சங்கங்களில் 33 முன்னாள் கோல்கீப்பர் கல்யாண் சௌபேக்கு வாக்களித்தன. நாடே கொண்டாடிய முன்னாள் கேப்டன் பாய்ச்சுங் பூட்டியாவுக்குக் கிடைத்தது ஒன்று. ரசிகர்கள் இந்த மரத்தில் இலைகூட இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

சரி, இதெல்லாம் அரசியல். இந்த மரத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, அதில் சாறு கீழ்நோக்கி இறங்கும் விதம்.

வியாசர்பாடியில் ஒரு பையன் என்று வைத்துக்கொள்வோம். 12 வயதில் உள்ளூர் கிளப்பில் பதிவாகிறான். அந்தப் பதிவு மேலே ஏறி சம்மேளனத்தின் கணினிக்குப் போகிறது. ஃபிஃபா அளவில் அவனுக்கென்று ஒரு எண் கிடைக்கிறது, வாழ்நாள் முழுக்க அதேதான். 16 வயதில் பெரிய கிளப், 20இல் இன்னொன்று. ஒவ்வொரு நகர்வும் தேதியோடு பதிவாகும். பத்து வருஷம் கழித்து ஒப்பந்தம் முடியுமுன்னே ஒரு வெளிநாட்டு கிளப் 1 கோடி ரூபாய் கொடுத்து அவனை வாங்குகிறது. அந்தப் பணம் முழுவதும் விற்ற கிளப்புக்குப் போகாது. அதில் 5 சதவீதத்தைப் பிடித்து, 12 வயதிலிருந்து 23 வரை அவனை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். 12 முதல் 15 வரை நாலு வருஷங்களுக்கு வருஷம் கால் சதவீதம், 16 முதல் 23 வரை எட்டு வருஷங்களுக்கு வருஷம் அரை சதவீதம். கூட்டிப் பாருங்கள்: ஒன்றும் நாலும் ஐந்து. முதல் நாலு வருஷம் அவனை வைத்திருந்த வியாசர்பாடி கிளப்புக்கு 1 லட்சம் ரூபாய்.

இன்னும் இருக்கிறது. அடுத்த நாட்டுக்கு மறுபடி விற்கப்பட்டால் மறுபடி பங்கு. வளர்த்த கிளப் இழுத்து மூடப்பட்டிருந்தால்? அந்தப் பங்கை நாட்டுச் சம்மேளனம் கேட்டு வாங்கலாம், சிறுவர் கால்பந்துக்கு மட்டும் செலவழிக்க வேண்டும். முன்பெல்லாம் சின்ன கிளப்புகளுக்குத் தங்கள் பையன் விற்கப்பட்டதே தெரியாது. தெரிந்தாலும் வழக்குப் போடக் காசு இருக்காது. 2022 நவம்பரிலிருந்து பாரிஸில், இந்தப் பங்குகளைப் பிரித்துக் கொடுக்கும் ஃபிஃபாவின் தீர்வகம் ஒன்று வேலை செய்கிறது. விற்பனை நடந்ததும் கணினி அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு எல்லாச் சம்மேளனங்களின் ஏடுகளிலிருந்தும் பையனின் வரலாற்றைக் கோத்து, யாருக்கு எவ்வளவு என்று சொல்லிவிடும். வேர் எங்கே இருக்கிறது என்று நீரே தேடிப் போகிற மாதிரி. இதை யோசித்த ஆளுக்கு நான் ஒரு காபி வாங்கித் தரத் தயார்.

ஆனால் கணினிக்கு ஏடு மட்டும்தான் தெரியும், நன்றி தெரியாது. எங்கள் பகுதி மைதானத்தில் ஒருவர் காலை ஐந்தரைக்கு விசில் ஊதுகிறார், இருபது வருஷமாக. பையன்களின் பெயரும் அப்பா போன் நம்பரும் ஒரு நீல அட்டை நோட்டில் இருக்கின்றன. அவருடைய குழு எந்தச் சங்கத்திலும் சேரவில்லை. அவர் வளர்த்தவன் நாளைக்கு ஐரோப்பாவே போனாலும் அவருக்கு வரும் பங்கு பூஜ்யம்.

இந்த இடத்தில் ஒரு பழைய எரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். 2022 ஜூனில், ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றுக்கு முன் தேசிய அணிக்கு ஊக்கம் தர நம் சம்மேளனம் ஒரு ஜோதிட நிறுவனத்துடன் 16 லட்சம் ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டதாகச் செய்தி வந்தது. அணி தகுதி பெற்றது உண்மைதான். மூன்று ஆட்டங்களில் நாலு கோல் அடித்தவர் சுனில் சேத்ரி, சுக்கிரன் இல்லை. 16 லட்சத்துக்கு எத்தனை மைதானங்களுக்கு ஒரு மடிக்கணினியும், நோட்டைப் பார்த்துப் பதிவேற்ற ஒரு ஆளும் அனுப்பியிருக்கலாம்! ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டால் ஆயிரம் கேள்வி கேட்கிற நாடு, கிரகங்களிடம் ரசீதுகூடக் கேட்பதில்லை.

போன வாரம் விசில்காரரிடம் இந்தக் கால் சதவீதக் கணக்கைச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் நோட்டைப் புரட்டினார். பன்னிரண்டு நிறையாதவர்களின் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டே போனார். ஒன்பது புள்ளி. அப்புறம் நிமிர்ந்து, "மாவட்டச் சங்க ஆபீஸ் ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா சார்?" என்றார்.