கையகப்படுத்தல்: சொல்லும் வரைகலைச் சில்லு வணிகமும்

ஒரு நிறுவனம் மற்றொன்றை வாங்குவதை ஆங்கிலத்தில் ‘அக்விசிஷன்’ என்பார்கள். ‘தேடுதல்’ என்று பொருள்படும் ‘குவைரெரே’ என்னும் இலத்தீன் வினையின் முன் ‘அத்’ என்ற முன்னொட்டுச் சேர்ந்து, ‘தேடி அடைதல்’ என்னும் பொருளில் அச்சொல் பிறந்தது. தமிழ் நாளிதழ்கள் இதற்குக் ‘கையகப்படுத்தல்’ என்று எழுதுகின்றன. ‘அகப்படுதல்’ என்பது உள்ளே சிக்குதல். அதன் பிறவினையான ‘அகப்படுத்துதல்’ என்பதோடு ‘கை’ சேர, ‘கைக்குள் வரச் செய்தல்’ என்ற பொருள் கிடைக்கிறது. தேடலைச் சொல்லும் இலத்தீன் வேரில் இல்லாத பிடியின் வலிமை தமிழ்ச் சொல்லில் இருக்கிறது.

அரசு பொதுப் பயன்பாட்டுக்காக நிலத்தை எடுப்பதற்கும் இதே சொல்தான் வழங்குகிறது. அதைத் தமிழ்நாட்டு வருவாய்த் துறை ‘நில எடுப்பு’ என்றும், இலங்கைத் தமிழர் ‘காணி சுவீகரிப்பு’ என்றும் குறிப்பிடுகின்றனர். நிலத்துக்குரியவர் விரும்பாவிட்டாலும் சட்டத்தின் வழியே எடுப்பு நடக்கும். நிறுவன விற்பனையிலோ பெரும்பாலும் இரு தரப்பும் உடன்பட்டே கையெழுத்திடுகின்றன. ஆகவே வணிகச் செய்தியில் ‘கையகப்படுத்தியது’ என்று படிக்கும்போது, எது யாருடைய கைக்கு வந்தது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு, கணினித் திரையில் காட்சிகளை உருவாக்கும் வரைகலைச் சில்லுகளை வடிவமைத்த என்விடியா, 3டிஎஃப்எக்ஸ் என்ற இரு அமெரிக்க நிறுவனங்கள். கலிபோர்னியாவில் 1994இல் தொடங்கப்பட்ட 3டிஎஃப்எக்ஸ், 1996இல் வெளிவந்த வூடூ சில்லுகளால் கணினி விளையாட்டுகளின் முப்பரிமாண வரைகலையில் முன்னணிக்கு வந்தது. பின்னர் எஸ்டிபி என்ற, இத்தகைய சில்லைப் பொருத்திக் கணினியில் செருகும் கிராபிக்ஸ் கார்டைத் தயாரிக்கும் நிறுவனத்தை 1999இல் வாங்கி, சில்லோடு கார்டையும் தானே செய்து விற்கத் தொடங்கியது. அதுவரை அதன் சில்லுகளை வாங்கிக் கார்டு தயாரித்து வந்த நிறுவனங்கள் இதனால் அதன் போட்டியாளர்களாகி, என்விடியாவின் பக்கம் திரும்பின. 3டிஎஃப்எக்ஸின் சரிவில் இந்தத் தவறான வாங்கலுக்குப் பெரும் பங்கு உண்டு என்றே நான் கருதுகிறேன்.

2000 டிசம்பரில் என்விடியா, 7 கோடி டாலர் ரொக்கமும் தன் பங்குகளில் 10 லட்சமும் தருவதாக ஒப்புக்கொண்டு, 3டிஎஃப்எக்ஸின் வரைகலைச் சொத்துகளை வாங்க முன்வந்தது. தோற்றுக்கொண்டிருந்த போட்டியாளருக்கு ஏன் இவ்வளவு விலை? ஒரே பரப்பில் பல இழையமைப்புகளை (மேற்பரப்பின் தோற்றத்தைக் காட்டும் படங்களை) பூசும் நுட்பத்தில் தன் காப்புரிமையை என்விடியா மீறியதாக 3டிஎஃப்எக்ஸ் 1998இல் வழக்குத் தொடுத்திருந்தது; என்விடியாவும் 2000இல் எதிர்வழக்குத் தொடுத்தது. காப்புரிமைகளையே வாங்கிவிட்டால் வழக்குக்கு அடிப்படை இல்லாமல் போவதோடு, அவை வேறொரு போட்டியாளரிடம் சென்று ஆயுதமாவதும் தடுக்கப்படும். வரைகலைச் சில்லை வடிவமைக்கத் தெரிந்த பொறியாளர்கள் மிகக் குறைவு என்பதால், பயிற்சிபெற்ற ஒரு குழு அப்படியே கிடைப்பதும் பெரும் ஆதாயம். 3டிஎஃப்எக்ஸின் பொறியாளர்கள் பலர் என்விடியாவில் சேர்ந்தனர். 2002 நவம்பரில் அறிவிக்கப்பட்ட ஜீஃபோர்ஸ் எஃப்எக்ஸ் என்ற என்விடியா சில்லு வரிசையின் உருவாக்கத்தில் அவர்களின் உழைப்பு இருந்தது. இரு கார்டுகளை இணைத்து இயக்குவதற்கு 3டிஎஃப்எக்ஸ் பயன்படுத்திய எஸ்எல்ஐ என்ற சுருக்கப் பெயரும், வேறொரு விரிவோடு, 2004இல் என்விடியாவின் பொருள்களில் மீண்டும் தோன்றியது.

ஆனால் என்விடியா 3டிஎஃப்எக்ஸ் என்ற நிறுவனத்தை வாங்கவில்லை. காப்புரிமை, வணிகக்குறி, சில்லு இருப்பு போன்ற சொத்துகளை மட்டுமே வாங்கியது. கடன்களும் வாடகை நிலுவைகளும் பழைய நிறுவனத்தோடே நின்றன. 2006இல் கணினிச் சில்லு நிறுவனமான ஏஎம்டி சுமார் 540 கோடி டாலருக்கு, வரைகலைச் சில்லு நிறுவனமான ஏடிஐயை வாங்கியபோது முழு நிறுவனமும் கைமாறியது. அதைக் கையகப்படுத்தல் என்பதே பொருத்தம். 2000இல் நடந்ததைச் ‘சொத்து வாங்கல்’ என்று எழுத வேண்டும். இரண்டு நிறுவனங்கள் கலந்து ஒன்றாவது ‘இணைப்பு’. சரக்கு வாங்குவதற்கு உரிய ‘கொள்முதல்’ இவை எவற்றுக்கும் பொருந்தாது.

இந்தச் சொல் வேறுபாடு நீதிமன்றம் வரை சென்றது. 3டிஎஃப்எக்ஸ் 2002 அக்டோபரில் திவால் மனு தாக்கல் செய்தபின், அதன் சொத்துப் பொறுப்பாளர், நடந்தது உண்மையில் ஓர் இணைப்பே என்றும், ஆகவே பழைய கடன்களை என்விடியா ஏற்க வேண்டும் என்றும், கொடுத்த விலை போதாது என்றும் வாதிட்டார். திவால் நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதிசெய்தது.